அருவிக்குச் செல்லும் வழியில்

நுழையும்முன்

அருவியைக் காண விரைவோர் பலர், வழியில் உள்ள காட்டைக் காண்பதில்லை. கேரளத்தின் அதிரப்பள்ளி அருவிக்கு நடந்து செல்லும் வழியில், அகன்ற இலை மரங்கள் நிறைந்த ஒரு பழங்காட்டை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஓர் ஆறு, இரண்டு அருவிகள்

ஆனைமலைப் பகுதியில் ஓடும் சோலையாறு, பறம்பிக்குளம் ஆறு முதலியன ஒன்றுகூடிச் சாலக்குடி ஆறாகின்றன. இவற்றுள் சோலையாறு தமிழ்நாட்டின் வால்பாறைப் பகுதியில் தோன்றுகிறது. திருச்சூர் மாவட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் சாலக்குடி ஆறு, வாழச்சாலில் பாறைச் சரிவின்மீது நுரைத்து ஓடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. கீழே, அதிரப்பள்ளியில் ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இவ்வருவியைக் கண்டு வியந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

வாழச்சாலில் ஆற்றங்கரை மரநிழலில் உலாவலாம். அதிரப்பள்ளியில் கல் பாவிய பாதை ஒன்று அருவியின் அடிவாரம் வரை இறங்குகிறது. சிறுவரும் நடக்கத்தக்க எளிய பாதை அது. திரும்பி ஏறும்போதுதான் சற்று மூச்சு வாங்கும்.

பசுமை எல்லாம் காடாகுமா?

சாலக்குடியிலிருந்து அருவிக்கு வரும் சாலையோரத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் இரப்பர்த் தோட்டங்களும் உள்ளன. அவையும் பசுமையாகவே தோன்றும். ஆயினும் அவை காடு அல்ல. அங்கு ஒரே வகை மரங்கள், ஒரே வயதில், வரிசை வரிசையாக நிற்கின்றன.

பழங்காட்டினுள் நுழைந்ததும் வேறுபாடு விளங்கும். வானளாவிய மரங்கள், அவற்றின் நிழலில் வளரும் நடுத்தர மரங்கள், அவற்றின் கீழே செடிகள், கொடிகள், பெரணிகள் எனக் காடு அடுக்கடுக்காக அமைந்துள்ளது. சில மரங்களின் அடிப்பகுதியில் பலகை போன்ற வேர்கள் புடைத்து நிற்கின்றன. பல இலைகளின் நுனி நீண்டு கூர்மையாக இருக்கும். மழைநீர் இலையில் தங்காமல் விரைவாக வடிவதற்கு அந்நுனி உதவுகிறது.

பெருமழை முதலில் இலைகளின்மீது விழுந்து வேகம் இழக்கிறது. பின்பு தரையில் கிடக்கும் சருகுகளின்மீது சொட்டுகிறது. சருகும் மட்கும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. வேர்கள் உண்டாக்கிய வழிகளில் நீர் மண்ணுக்குள் இறங்கி, மழை நின்ற பின்னரும் சிறிது சிறிதாக ஊறி ஓடைகளைச் சேர்கிறது. வாழச்சாலுக்கு மேலே உள்ள பெரிங்கல்குத்து அணையிலிருந்து விடப்படும் நீரைப் பொறுத்தே கோடையில் அருவியின் பெருக்கு அமைகிறது. அந்த அணைக்கு வரும் நீரையும் மலைக்காடுகளே காத்துத் தருகின்றன.

இருவாச்சியின் வீடு

இக்காட்டில் நான்கு வகை இருவாச்சிப் பறவைகள் வாழ்கின்றன. அவற்றுள் பெரியதான பெரும் இருவாச்சி கேரளத்தின் மாநிலப் பறவையாகும். முதிர்ந்த பெருமரத்தின் பொந்தே அதன் கூடு. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை பொந்தினுள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஆண்பறவை அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. இருவாச்சிகள் உண்ட பழங்களின் விதைகள் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. இவ்வாறு மரம் பறவைக்கு வீடு தருகிறது. பறவை காட்டுக்குப் புதிய மரங்களைத் தருகிறது.

இளமரத்தில் இத்தகைய பெரிய பொந்து அமைவதில்லை. ஆகவே, வெட்டிய பழமரத்துக்கு ஈடாக நூறு கன்றுகளை நட்டாலும், இருவாச்சிக்கு உடனே வீடு கிடைத்துவிடாது.

காட்டைக் காப்போர்

காடர் என்னும் பழங்குடி மக்கள் இக்காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். தேனும் பிற காடுபடு பொருள்களும் சேகரித்து வாழ்பவர்கள். அவர்களுள் சிலர் வனத்துறையுடன் இணைந்து இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கின்றனர்.

வாழச்சாலுக்கு மேலே புதிய அணை கட்டி, 163 மெகாவாட் மின்னுற்பத்தி செய்ய ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்றனர் ஒரு சாரார். ஆற்றங்கரைக் காடும் காடர் குடியிருப்புகளும் பாதிக்கப்படும் என்றனர் மற்றொரு சாரார். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த வல்லுநர் குழு, இத்திட்டத்துக்கு இசைவு தரலாகாது என 2011இல் பரிந்துரைத்தது. மின்சாரமும் வேண்டும், காடும் வேண்டும் என்னும்போது எதை எவ்வாறு தேர்வது? இவ்வினா நாளை உங்கள் தலைமுறையிடமும் வரும். விடை கூறுவதற்கு முன், அக்காட்டினுள் ஒருமுறையேனும் மெல்ல நடந்து பார்த்தல் நன்று.

நடக்கும்போது

பாதையை விட்டு விலகாதீர்கள். வழுக்கும் பாறைகளில் ஏறாதீர்கள். மழைக்காலத்தில் அட்டைகள் இருக்கும், அஞ்ச வேண்டா. குரங்குகளுக்கு உணவு தராதீர்கள். நெகிழிப் பைகளை வீசாதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள், இருவாச்சியின் சிறகோசை கேட்கக்கூடும்.

சொல்லும் பொருளும்

சருகு – உலர்ந்த இலை
மட்கு – மக்கி மண்ணாகும் இலைதழை
பொந்து – மரத்தில் உள்ள துளை
காடுபடு பொருள் – காட்டில் கிடைக்கும் பொருள்
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

1. தோட்டத்துக்கும் பழங்காட்டுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
2. இருவாச்சியும் மரமும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன?
3. பிரித்து எழுதுக: இவ்வருவி, அந்நுனி, அப்பிளவு.
4. மலையாளத்தில் அருவியை 'வெள்ளச்சாட்டம்' என்பர். நீங்கள் வாழும் ஊரின் மொழியில் அதனை எவ்வாறு அழைப்பர்? கேட்டறிந்து எழுதுக.
5. உங்கள் பெற்றோரின் சொந்த ஊருக்கு அருகில் உள்ள அருவி, ஆறு அல்லது காட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.