பட்டை டயர் போடலாம், ஃபெண்டர் உரசாமல்!

எங்கள் வீட்டில் இருப்பது மாஸ்டா மியாட்டா, 1989-ல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி. 185/60 ஆர் 14 டயரோடு வந்ததை 205-க்கு மாற்றினோம். அளக்காமல் வாங்கிய முதல் ரிம் செட் உரசி, பாதி விலைக்குப் போனது. இரண்டாவது செட் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்த நடுவில் கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே. வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 185/60 ஆர் 14 சுமார் 578 மி.மீ., 205/50 ஆர் 15 சுமார் 586 மி.மீ.; எட்டு மி.மீ. வித்தியாசத்தை வண்டி தாங்கிக்கொள்ளும். அதே 205-ல் 55 சீரிஸ் எடுத்தால் 606-ஐத் தாண்டிவிடும், ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும், ஃபெண்டரும் இடிக்கும்.

2. டயரில் எழுதியிருக்கும் 205-ஐ அப்படியே நம்பாதீர்கள். ரிம் அரை இஞ்ச் அகலமானால் டயரும் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும், 6.5 இஞ்ச் ரிம்மில் 205 காட்டுவது 7 இஞ்ச் ரிம்மில் 210 ஆகிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி தோள்பட்டை வடிவமும் மாறும், சதுரத் தோள் உள்ள டயர்தான் முதலில் உரசும்.

3. பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஆஃப்செட்டில்தான். எங்கள் பழைய ரிம் 5.5 இஞ்ச், ஆஃப்செட் 45. புதியது 7 இஞ்ச், ஆஃப்செட் 35. டயர் நிஜத்தில் 185-லிருந்து 210 ஆனது, அந்த 25 மி.மீ.-ல் பாதி 12.5, ஆஃப்செட் குறைந்ததில் 10, ஆக வெளிப்பக்கம் 22.5 மி.மீ. நகர்ந்தது; உள்பக்கம் வெறும் 2.5 மி.மீ.தான். இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், விற்பவர் சொல்லும் 'பொருந்தும் சார்' தேவைப்படாது.

4. வெளியே எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்று பார்க்க ஒரு நூலும் ஒரு நட்டும் போதும். நட்டைக் கட்டிய நூலை ஃபெண்டர் விளிம்பில் டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். சமதளத்தில், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது, நாலு சக்கரத்திலும் தனித்தனியாக அளப்பது முக்கியம். பழைய வண்டிகளில் இடதும் வலதும் ஒன்றாக இருப்பதில்லை.

5. உள்பக்கத்துக்குக் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண் கைகொடுக்கும். சஸ்பென்ஷன் கைக்கும் டயருக்கும் நடுவில் ஓர் உருண்டையை ஒட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கி நிற்கிறதோ, அவ்வளவுதான் உங்களிடம் மிச்சமிருக்கும் இடம்.

6. வாங்குவதற்கு முன் இரவல் கேளுங்கள். அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே சக்கரம் வாங்கி மாட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

7. நிற்கும்போது உரசாத டயர், ஆள் ஏறியதும் உரசும். இரண்டு பேர் உட்கார்ந்து, டிக்கியில் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் சரிவில் வண்டியைக் கோணலாக, மெதுவாக ஏற்றுங்கள். ஒரு மூலை அமுங்கி மறு மூலை தூக்கும் அந்த நிலைதான் நிஜமான பரீட்சை.

8. எங்கே உரசுகிறது என்று தேடி அலைய வேண்டாம். ஃபெண்டரின் உள்விளிம்பில் சாக்பீஸைக் கனமாகத் தேய்த்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள், அழிந்த இடம்தான் உரசும் இடம். பின்பக்கம் ஃபெண்டரும் பம்பரும் சேரும் மூலையிலுள்ள ஸ்க்ரூவையும் அதன் தகட்டு நாக்கையும் மறக்காமல் பாருங்கள். பல தடவை குற்றவாளி அதுதான், ஃபெண்டர் இல்லை.

9. முன்சக்கரத்தை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் 'சர்ர்' சத்தம் வந்தால் அது பிளாஸ்டிக் லைனராக இருக்கும். ஹீட் கன்னில் இளக்கி உள்ளே தள்ளி, ஆறும்வரை ஈரத்துணியால் அமுக்கிப் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். தகரத்தில் கை வைக்க அவசியமே இல்லை.

10. பம்ப் ஸ்டாப்பைப் பார்த்தீர்களா? முப்பது வருட வண்டியில் ஷாக் அப்சார்பர் தண்டில் இருக்கும் அந்த நுரை ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருக்கும். அது இல்லாவிட்டால் சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறி ஃபெண்டரில் இடிக்கும். சல்லிசான இந்த ரப்பரை மாற்றியதுமே எங்கள் பின்பக்க உரசல் பாதி நின்றது. தகரத்தைத் தட்டுவதற்கு முன் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

11. அடுத்த வழி கேம்பர். மியாட்டாவுக்கு நாலு பக்கமும் இரட்டை விஷ்போன், நாலு பக்கமும் கேம்பர் திருத்தலாம். ஒரு டிகிரி நெகட்டிவ் கூட்டினால் டயரின் மேல்விளிம்பு சுமார் 5 மி.மீ. உள்ளே சாயும். இரண்டு டிகிரியைத் தாண்டாதீர்கள், உள்பக்க ரப்பர் சீக்கிரம் தேய்ந்து டயர் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

12. உயரம் குறைப்பது, கேம்பர், புது டயர் மூன்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை அலைன்மெண்ட் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போனால் மூன்று கூலி.

13. இவ்வளவுக்குப் பிறகும் உரசினால்தான் ஃபெண்டர் விளிம்பை மடக்கும் வேலை. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கெட்டாலும் கழற்றி மாற்றலாம். பின்பக்கம் பாடியோடு வெல்டான இரட்டைத் தகடு, அங்கே தவறினால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று செலவு நீளும். அதனால் மனதைக் கட்டிக்கொண்டு முதலில் முன்பக்கத்தில் கை பழகுங்கள்.

14. மடக்கும்போது பேஸ்பால் மட்டையைச் செருகி உருட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், விளிம்பு அலை அலையாகிவிடும். ஹப்பில் மாட்டும் ரோலர் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது; நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே சனிக்கிழமையில் எல்லார் வண்டியையும் முடித்தால் வாடகை கால் பங்கு. பெயிண்டைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவைக்குக் கொஞ்சமாக, பொறுமையாகப் போங்கள். குளிர்ந்த பெயிண்ட் விரிசல் விடும்.

15. மடக்கிய அன்றே விளிம்பின் உள்பக்கம் டச்-அப் பெயிண்டும் சீலன்டும் பூசிவிடுங்கள். எங்கள் டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு தூவுவார்கள், இரட்டைத் தகட்டின் நடுவில் அது புகுந்தால் துரு உள்ளிருந்தே அரிக்கும். உப்பில்லாத ஊரிலும் மழைத் தண்ணீர் இதே வேலையைச் செய்யும்.

16. உள்பக்கம் இடிக்கிறது என்று ஸ்பேசர் போடுபவர்கள் நட்டை எண்ணிப் பாருங்கள். மியாட்டாவின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை, நட்டு குறைந்தது 8 சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீள ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

17. புதிய ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் 54.1 மி.மீ. ஹப் வளையம் வாங்கிப் போடுங்கள். சில்லறைக் காசுதான், ஸ்டீயரிங் உதறல் நிற்கும்.

18. 225 போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மியாட்டா ஏறத்தாழ 950 கிலோ, 1.6 லிட்டர் இன்ஜின். அதற்கு 205 தாராளம். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் கனக்கும், மழைத் தண்ணீரில் டயர் சீக்கிரம் மிதக்கும், மடக்கும் வேலையும் கட்டாயமாகிவிடும்.

19. டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தினால் பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அளவு மாற்றியதை இன்சூரன்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு சொன்னால் பணம் வராமல் போகலாம்.

20. மாட்டிய பிறகு 80, 100 கிலோமீட்டரில் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள். அன்றே களிமண்ணையும் சாக்பீஸையும் இன்னொரு முறை எடுத்துவிடுங்கள், உயரம் குறைத்திருந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும்.

21. பழைய 14 இஞ்ச் ரிம்களை விற்றுவிடாதீர்கள். பனியில் ஒடுங்கிய டயர்தான் நன்றாகக் கடிக்கும்; நாங்கள் அதில் 185 பனி டயரைப் போட்டு நிரந்தரமாக வைத்துவிட்டோம். ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம், வீட்டு ஜாக்கியிலேயே அரை மணியில் முடிந்துவிடுகிறது.