வீடு நீலசந்திராவில், வேலை துபாயில்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரு நீலசந்திராவில் வீடு, துபாயில் வேலை என்றாகிவிட்டால் இந்திய வருமான வரியோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். வருஷா வருஷம் கந்தாயம், அதாவது சொத்து வரி, கட்டுகிறோமே, அது போதாதா என்பார்கள். கந்தாயம் மாநகராட்சிக்குப் போவது, வருமான வரி மத்திய அரசுடையது. ஒன்றின் ரசீது மற்றதற்கு உதவாது. வரி இல்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் வேண்டாம் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நஷ்டப்படுபவர் பல நேரம் ஏய்ப்புக்காரர் அல்ல. ஒரு பைசா பாக்கி இல்லாதவர்தான்.

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், போகிற நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்திருந்தால் வரிச் சட்டத்தின் கண்ணில் என்.ஆர்.ஐ. ஆகிவிடுகிறார். பிறகு அங்கே வாங்கும் சம்பளத்தை இந்தியா தொடாது. நீலசந்திரா வீட்டு வாடகையோ இந்திய வருமானம்தான். மாதம் 25,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள். வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால், வாடகைக்குக் குடியிருப்பவர் 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். சின்னத் தொகை என்ற விலக்கெல்லாம் கிடையாது. ஆண்டு வாடகை 3,00,000 ரூபாயில் 93,600 போய்விடும். உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? வாடகையில் 30 சதவீதம் கழிவு போனால் மிச்சம் 2,10,000. வேறு இந்திய வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையின் 4 லட்ச வரம்புக்குள் இது அடங்கிவிடுகிறது. வரி சுத்தமாக இல்லை. ஆனாலும் அந்த 93,600 தானாகத் திரும்பி வராது, ரிட்டர்ன் போட்டால்தான் வரும். டி.டி.எஸ். 25,000 ரூபாயைத் தொட்டாலே தாக்கல் கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்.

12 லட்சம் வரை வரியே இல்லை என்று டி.வி.யில் சொன்னார்களே என்று கேட்பாய். 4 லட்சத்துக்கு மேல் அந்தச் சலுகை தள்ளுபடியாகத்தான் தரப்படுகிறது. அது இங்கே வசிப்பவருக்கு மட்டும். என்.ஆர்.ஐ.க்கு 4 லட்சத்தோடு சரி. எங்கள் வீடு மொத்தமாக முன்பணம் வாங்கிய லீஸில் இருக்கிறது, வாடகையே வருவதில்லை என்ற சமாதானமும் எடுபடாது. அந்த வீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ, அதைத்தான் சட்டம் வருமானமாகப் பார்க்கிறது.

யாருக்குத் தெரியப்போகிறது என்பது அடுத்த வாதம். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து, ஆபீஸில் எச்.ஆர்.ஏ. கழிவு கேட்பவர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு விவரங்களும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தப்படி 2017 முதல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நீ துபாயில் வாங்கும் ஃப்ளாட் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அதன் வாடகை விழும் கணக்கு வரும்.

ஊர் திரும்பிய பிறகுதான் இது பெரிதாகிறது. திரும்பியவருக்கு வழக்கமாகச் சில வருடம் சட்டமே அவகாசம் தருகிறது. அது முடிந்து முழு வசிப்பாளர் ஆனதும், உலகில் எங்கே சொத்து இருந்தாலும் ரிட்டர்னில் உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும்கூட. அங்கே கட்டிய வரிக்கு இங்கே வரவு கிடைக்கும். அதற்கும் படிவம் 67 தனியாகக் கொடுக்க வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு வரித்துறை நினைவூட்டல் அனுப்பியபோது 24,678 பேர் தங்கள் ரிட்டர்னைத் திரும்பப் பார்த்தார்கள். 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து கணக்கில் வந்தது. இத்தனை பேரும் கறுப்புப் பணக்காரர்களாக இருக்க முடியுமா? பலர் அட்டவணையைக் கவனிக்காமல் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

நேர்மையாக வரி கட்டியவர் அந்த அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பாததற்கு 10 லட்சம் அபராதமா, இது அநியாயம் இல்லையா? அந்த அபராதத்தை விதிக்கும் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின் மேல் இந்தக் குறை நியாயமானதுதான். அரசும் கொஞ்சம் இறங்கி வந்து, 2024 அக்டோபர் 1 முதல் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் போகாத வெளிநாட்டுச் சொத்துகளை அந்த அபராதத்திலிருந்து விலக்கியிருக்கிறது. அந்த விலக்கு வங்கிக் கணக்கு, பங்கு போன்றவற்றுக்குத்தான். வீடு, மனைக்குக் கிடையாது.

அன்புடன்,
அண்ணன்