கோளாறு எடிட்டரிலா, நம்ம செட்டிங்கிலா?

புராஜெக்ட் சப்மிஷன் நேரத்தில் ஈமாக்ஸ் எடிட்டர் மக்கர் பண்ணினால், உடனே எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். நம் செட்டிங் ஃபைல் ஹோம் டைரக்டரியிலேயே தங்கிவிடும். பழைய கோளாறும் கூடவே திரும்பி வரும்!

ஈமாக்ஸ் என்று அடித்து, இடம் விட்டு, மைனஸ் குறி, பெரிய க்யூ எழுத்து அடியுங்கள். நம் செட்டிங், நாம் சேர்த்த பேக்கேஜ் எதையும் படிக்காமல் வெறும் எடிட்டர் திறக்கும். கோளாறு மறைந்துவிட்டதா? அப்போ தப்பு நம்ம பக்கம்தான். மயிலை அறுபத்துமூவர் விழா சீரியல் செட்டில் ஃபியூஸான பல்பைத் தேடுகிற மாதிரி, செட்டிங் வரிகளைப் பாதிப் பாதியாக நிறுத்திப் பாருங்கள்.

திருத்தியும் பலனில்லையா? கம்பைல் ஆன பழைய ஈ.எல்.சி. ஃபைல் கிடந்தால், ஈமாக்ஸ் வழக்கமாக அதைத்தான் படிக்கும். புதிதாகத் திருத்திய ஈ.எல். ஃபைலைத் தொடாது. ஈ.எல்.சி.யை மட்டும் அழியுங்கள். மூல ஃபைல் பத்திரம்!