அருவிக்கு மேலே தேடுங்கள்

கேள்வி: வட கரோலினாவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் ஸ்மோக்கி மலைப் பக்கம் தூண்டிலோடு போவதுண்டு. சிக்குவதெல்லாம் ரெயின்போ டிரவுட்தான். அந்த மண்ணின் மீனான புரூக் டிரவுட் எந்த ஓடையில் இருக்கிறது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. நானே கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், சார்லட்

பதில்: உண்டு. அந்த மீன் ஏன் மலையுச்சிப் பக்கம் ஒதுங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் அந்தக் காடுகளை வெட்டிச் சாய்த்தன. நிழல் போய் ஓடைகள் சூடாகின. சரிந்த மண், மீன் முட்டையிடும் சரளையை மூடியது. மீன் அருகிப்போன ஓடைகளில் மேற்கு அமெரிக்காவின் ரெயின்போவையும் ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட்டையும் கொண்டுவந்து விட்டார்கள். நம் நீலகிரிக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்ததும் ரெயின்போதான். பின்னர் காடு வளர்ந்தது. கீழ் ஓடைகளோ புதிய மீன்களின் வசமே தங்கிவிட்டன.

ஆகவே, அவை ஏற முடியாத இடத்தைத் தேடுங்கள். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில், 3,000 அடிக்கு மேலுள்ள மெல்லிய நீலக் கோடுகளைப் பாருங்கள். நீலக் கோட்டின் குறுக்கே சமவுயரக் கோடுகள் நெருக்கியடித்து நின்றால் அங்கே அருவியோ செங்குத்துச் சரிவோ இருக்கும். அதற்கு மேல், அடர்ந்த காட்டுக்குள் ஓடும் பகுதிதான் உங்கள் இலக்கு.

ஆகஸ்ட் பிற்பகலில் போய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை வையுங்கள். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். நீர் குளிர்ந்து தெளிந்திருந்தும் மீன் இல்லாமல் போகலாம். அமில மழையும் கந்தகம் கலந்த பாறைகளும் சில ஓடைகளைக் கெடுத்திருக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் நீர்ப்பூச்சிகள் நிறைய ஊர்ந்தால் நம்பிக்கை உண்டு. கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

முதுகில் நெளிநெளியான கோடுகள், பக்கங்களில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, கீழ்த்துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடு – இவைதான் அடையாளம். பெரும்பாலும் ஓர் அடிக்கும் குறைவாகவே இருக்கும்.

ஸ்மோக்கி தேசியப் பூங்காவில் பல்லாண்டுத் தடைக்குப் பின் 2006-இல் இந்த மீனைப் பிடிக்க அனுமதித்தார்கள். உரிமம் வேண்டும், உயிர் இரை கூடாது. அக்டோபர், நவம்பரில் அது முட்டையிடும். அந்த மாதங்களில் ஓடைக்குள் இறங்காமல் கரையோடு நடங்கள். சரளையில் வைக்கும் ஒவ்வோர் அடியும் அடுத்த தலைமுறையை மிதிக்கக்கூடும்.