பாலில் நானோ துகள்கள்: அஞ்ச வேண்டுமா?

பாலில் நானோ துகள்கள் உண்டென்று கேள்வியுற்று, நோயாளிக்குப் பால் கொடுக்கலாமா என வினவுவோர் உளர். நானோ அளவு புதுமையன்று. நம் மாவட்டத்துக் கீழடியின் பழம்பானை ஓடுகளது கரும்பூச்சிலேயே கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம், ஏறத்தாழ 50 முதல் 500 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகச் சுண்ணாம்புச்சத்தைச் சுமந்து மிதக்கிறது. இரைப்பையின் அமிலமும் நொதிகளும் அவ்வுருண்டைகளைத் திரித்துச் செரிக்கச் செய்கின்றன. ஆகவே துகளுக்கு அஞ்சிப் பாலை நிறுத்த வேண்டா. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் கூறிய அளவே அருந்துக.

கரையாத துகள்களின் நிலை வேறு. வெண்ணிறத்திற்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு மரபணுவைச் சிதைக்குமோ என்னும் ஐயம் நீங்காமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதனை உணவில் தடைசெய்தது. மிட்டாய் உறையில் 171 என்னும் எண்ணைத் தேடிப் பாருங்கள்.