பட்டி தேய்க்கையில் தூசியை அடக்குதல்

வீட்டைப் புதுப்பிக்கும்போது அதிகத் தூசி எழுவது சுவரில் பூசிய பட்டியைத் தேய்க்கும் கட்டத்தில்தான். கனமான மாவு உடனே தரையில் விழுந்துவிடும். 10 மைக்ரானுக்கும் சிறிய துகள் காற்றில் மிதந்தபடி மூச்சோடு உள்ளே போகும். இதை அடக்க நனைத்துத் தேய்க்கலாம், உப்புத்தாளால் கையால் தேய்க்கலாம், உறிஞ்சு குழாய் பொருத்திய சாண்டிங் மெஷினையும் பிடிக்கலாம். முதல் இரண்டும் பெயின்டர்களுக்குப் பழகியவை.

மூன்றாவதற்குத்தான் இன்று மவுசு அதிகம். காணொளியில் பார்த்தோ, பக்கத்து வீட்டில் வைத்தார்கள் என்று உறவினர் வற்புறுத்தியோ பலரும் மெஷினை வாடகைக்கு எடுக்கிறார்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள தொழில்முறை உறிஞ்சியோடு, பெரிய கூரைப் பரப்பில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இங்கே பெரும்பாலும் அதோடு இணைக்கப்படுவது வீட்டு வாக்குவம் கிளீனர். பட்டி மாவு அதன் வடிகட்டியைச் சீக்கிரமே அடைத்துவிடும். உறிஞ்சும் வேகம் குறையும், மோட்டார் சூடேறும். பிடிபடாத துகள் பின்பக்கக் காற்றோடு அறைக்கே திரும்பும். கையால் பூசிய சுவரில் மேடுபள்ளம் இருக்கும். சுழலும் தட்டு மேட்டை மட்டும் அரித்து, பள்ளத்தைத் தொடாமல் போகும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் வளையம் வளையமாகத் தடம் தெரியும். அதை மறைக்க இன்னொரு கை பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி தூசி. சுவிட்ச் பெட்டியைச் சுற்றியும் மூலையிலும் எப்படியும் கையால்தான் தேய்க்க வேண்டும்.

வெள்ளை சிமென்ட் பட்டிக்கு நனைத்துத் தேய்ப்பதே சிறந்தது. நீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் மாவு பறக்காமல் குழம்பாக வழியும். அந்தச் சுவரில் மின்சாரத்தை முதலில் துண்டிக்க வேண்டும். அக்ரிலிக் பட்டி நீர் பட்டால் இளகும். அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். பழைய எனாமல் பூச்சை மட்டும் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம்.

உண்மையில் தூசியின் அளவு பட்டி பூசும்போதே முடிவாகிவிடுகிறது. மெல்லிய கையாக இழுத்து, நன்றாகக் காயவிட்டு அடுத்த கை போட்டால் தேய்க்க அதிகம் இருக்காது. தொழிலுக்கு வரும் இளைஞர் மெஷினைத் தொடுமுன் பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடிக்கும் கோணத்தைப் பழக வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகும். வீட்டுக்காரரும் அவசரப்படுத்தக் கூடாது.

எந்த வழியானாலும் என்95 முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, வாசலில் பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, ஜன்னலைத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால் சுவரையும் தரையையும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும்.