மகாபலேஸ்வர் மண்ணும் புனே மண்ணும்

கேள்வி: மலையில் உயரம் கூடக் கூட, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மாறுமா? – வாசகி, புனே

பதில்: மாறும். ஆனால் உயரத்தின் மீதே எல்லாப் பழியையும் போட வேண்டாம். புனே சுமார் 560 மீட்டர். மகாபலேஸ்வர் 1,300-க்கும் மேல். அடியில் இருப்பது ஒரே தக்காண எரிமலைப் பாறைதான். வித்தியாசம் மழையில். புனேயில் ஆண்டுக்கு 700 மி.மீ. சொச்சம், மகாபலேஸ்வரிலோ 5,000-ஐத் தாண்டும். அந்த மழை கால்சியம், மக்னீசியத்தையெல்லாம் அடித்துச் சென்றுவிட, மேலே எஞ்சுவது இரும்பேறிய, அமிலத்தன்மை கொண்ட செம்புரை மண். புனேப் பக்கத்துக் கரிசலோ காரத்தன்மை உடையது.

அமில மண் என்றால் அசிடோபாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வறண்ட கார மண்ணில் ஆக்டினோபாக்டீரியா தாக்குப்பிடிக்கும். முதல் மழையில் எழும் மண்வாசனை பெரும்பாலும் இதன் உபயம்! ஃபியரர், ஜாக்சன் என்ற இருவர் அமெரிக்கக் கண்டங்களின் 98 மண் மாதிரிகளை ஆராய்ந்து 2006-ல் சொன்னதும் இதுதான்: பாக்டீரியாக்களின் பன்மையைக் கணிக்க, வெப்பநிலையைவிட மண்ணின் அமில-கார அளவே நல்ல அளவுகோல்.

இவற்றில் பெரும்பான்மை ஆய்வகத் தட்டில் வளராது. மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. பிரித்துப் படித்தால்தான் ஆள் தெரியும். வளர்வனவற்றைச் சேமித்துவைக்க, தேசிய நுண்ணுயிர் வள மையம் உங்கள் புனேயிலேயே இருக்கிறது.